றமணன் அண்ணையின் கனடாக் கோடை

இந்த அஞ்சலி மேடையில் வீற்றிருக்கும் கழகத் தலைவர் கணேசலிங்கம் ஐயா அவர்களே, றமணன் அண்ணையின் துணைவியார் சுசிலா அக்கா அவர்களே, வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் பெற்றோர்களே, எங்கள் அணிப் பிள்ளைகளே! பெண்கள் அணியை அண்ணையோடு சேர்ந்து நடத்திய வத்சலா பேசுகிறேன்.

யார் இந்த றமணன்? ஜெர்மனியிலிருந்து வந்து இங்கே லண்டன் பிளேஸ்டோவில் குடியேறிய பிளம்பர். பகலெல்லாம் பிறர் வீட்டுக் குழாய்களோடு மல்லுக்கட்டிவிட்டு, மாலையில் நம் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கியவர். 'பயிற்றுநர் திலகம்' என்று கழகம் பட்டம் கொடுத்தது. அதை ஒருநாளும் தன் பெயரோடு சேர்க்க அவர் விடவில்லை. ஏன்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னிடம் சொன்னார்: "செத்த பிறகு என்னைப் புகழ்ந்து புழுகாதையும், வத்சலா. ஹரிசனைப் பற்றிச் சொல்லும்."

சொல்கிறேன், அண்ணை.

ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு சிறுநகர அணி. பெரிய கழகங்களின் கண்ணில் படுவதற்காக இளைஞர்கள் ஆடும் கீழ்நிலை வளர்ச்சி லீக். ஒரு கோடைக்காலம் அந்த அணிக்குப் பயிற்சி கொடுக்க அண்ணை போனார். தோற்றுத் தோற்றுத் துவண்டிருந்த அணி மெல்ல வெல்லத் தொடங்கியது. வலது ஓரத்தில் ஓடிய நம் தமிழ்ப் பொடியன் ஹரிசன்தான் காரணம். பகலில் கிடங்கு வேலை, பின்னேரம் பந்து. அதுதான் அவன் வாழ்க்கை.

ஒருநாள் ஹரிசனைப் பார்ப்பதற்கென்றே பெரிய கழகமொன்றின் ஆள் வந்திருந்தார். இடைவேளையில் அவன் அண்ணையிடம் மெதுவாக வந்தான்.

"அண்ணை, நெஞ்சு ஒரு மாதிரி இறுக்குது."

"விளையாட ஏலுமோ?"

"ஓம், ஏலும். இண்டைக்கு மட்டும் என்னை வெளியிலை எடுத்துப்போடாதேங்கோ."

அண்ணை தோளில் தட்டி அனுப்பினார். இரண்டாம் பாதியில், பந்து எங்கோ தொலைவில் இருந்தபோது, ஹரிசன் விழுந்தான். பிறகு எழவேயில்லை. பிறந்ததிலிருந்தே அவன் இதயத்தில் யாருக்கும் தெரியாத குறை இருந்ததாம். அவனைப் பெற்ற தாயே அண்ணையின் கையைப் பிடித்து, "உங்களிலை பிழையில்லை, தம்பி" என்றார். அந்தச் சொல்லும் அவரை விடுவிக்கவில்லை!

மிச்ச ஆட்டங்களையும் முடித்துக்கொடுத்துவிட்டு லண்டன் திரும்பினார். தனியாகவா திரும்பினார்? இல்லை, அன்பர்களே, இல்லை! ஒரு மழைப் பின்னேரம், பயிற்சியின் நடுவே, யாருமே நிற்காத வலது ஓரத்தைப் பார்த்து, "ஹரிசன், பின்னுக்கு வா!" என்று கத்தினார். அப்போது நம் பையன்கள் அணி லதீசன் அந்த இடத்துக்கு ஓடினான்; அங்கிருந்து பின்னுக்கு வந்தான். அண்ணை தலையாட்டினார். அதன்பிறகு எத்தனையோ மாலைகளில் அந்தப் பெயர் கேட்டது. எவரும் திருத்தவில்லை. கிட்ட நின்றவர் யாரோ அவர் ஓடினார்.

சென்ற ஆண்டு விம்பிள்டனில் நடந்த நம் பெண்கள் அணியின் இறுதிப் போட்டியை மறந்திருக்கமாட்டீர்கள். "தலை சுத்துது" என்று ஜெனோஜா சொன்னாள். அந்தக் கணமே அண்ணை அவளை வெளியே எடுத்தார். அவள் அழுதாள். அவளுடைய அப்பா வேலிக்கு அப்பால் நின்று ஏசினார். நாம் தோற்றோம். ஆஸ்பத்திரியில் எல்லாம் சோதித்து, ஒரு குறையுமில்லை என்றார்கள்.

"வீணா என்ரை ஃபைனலைக் கெடுத்துப்போட்டீங்கள், கோச்!"

"ஓம் பிள்ளை, கெடுத்துப்போட்டன். ஏசு. நல்லா ஏசு!" என்று சொல்லிச் சிரித்தார். கனடாவிலிருந்து வந்தபின் அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் கண்டது அன்றுதான்.

பல மாதம் அவரோடு முகங்கொடுத்துப் பேசாத ஜெனோஜா, இதோ, முன்வரிசையில் இருக்கிறாள். சின்னப் பிள்ளைகளின் பயிற்சியை இனித் தானே எடுப்பதாக நேற்று என்னிடம் சொன்னாள்.

பிழையே செய்யாதவர் என்று அவரை நான் புகழப்போவதில்லை. அவர் அதை விரும்பவில்லை. ஆனால், ஒருமுறை அனுப்பிவிட்ட பிள்ளையை வாழ்நாளெல்லாம் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்த இன்னொரு மனிதரை நீங்கள் கண்டதுண்டா?

எழுந்து நில்லுங்கள். எந்தக் கிண்ணத்துக்கான ஆட்டமானாலும், எவ்வளவு பெரிய ஆள் பார்த்துக்கொண்டிருந்தாலும், ஒரு பிள்ளையின் முகம் வாடினால் ஆட்டத்தை விடுவோம். தோற்போம். எல்லோரையும் வீட்டுக்குக் கூட்டிப்போவோம். இது நாம் அவருக்குக் கொடுக்கும் வாக்கு.

றமணன் அண்ணை, மைதானத்திலை இருந்து இனிக் கண்ணை எடுங்கோ. நாங்கள் பாத்துக்கொள்ளுறம்.