பத்து நிமிஷச் சேதி

சுகிர்தா: ஐயோ, அலாரம் அடிச்சிருச்சே... பத்து நிமிஷம் ஆயிடுச்சா அக்கா?

ஜோதிலட்சுமி: ஆயிடுச்சு டாக்டரம்மா. பரிச்ச முடிஞ்சுது. கைய உடுங்க, கண்ணத் தொடச்சிக்கறேன்.

சுகிர்தா: போச்சு. டயாலிசிஸ் எப்படிப் பண்ணுவோம், மாத்துக் கிட்னி யார் தரலாம்... தாள்ல இருக்கறதுல பாதி சொல்லவே இல்ல. நான்பாட்டுக்குப் பேசாம ஒக்காந்துட்டேன்.

ஜோதிலட்சுமி: ரெண்டு நிமிசம். எண்ணிக்கினு இருந்தேன்.

சுகிர்தா: நீங்க அழுதீங்களே, அதான். புருஷனுக்குக் கிட்னி போயிடுச்சுன்னு கேக்கற பொண்டாட்டி, அவ்ளோதானே உங்க வேஷம்? எதுக்கு இவ்ளோ நெசமா நடிக்கறீங்க?

ஜோதிலட்சுமி: வேசம் உங்களுது. மூஞ்சி என்னுது.

சுகிர்தா: சிரிக்காதீங்கக்கா. கழுத்துல குழாய் போடறது, கிட்னில ஊசி விட்டு சதை எடுக்கறது, எல்லாத்தையும் செஞ்சு காட்டிக் கையெழுத்து வாங்கிட்டேன். வீட்டுக்காரங்ககிட்ட சேதி சொல்ற இந்த ஒண்ணுலதான் போன தடவ ஃபெயில். இன்னிக்கும் போனா இன்னும் ஆறு மாசம். பொன்னேரி டயாலிசிஸ் சென்டர் வேலைய வேற யாருக்காவது குடுத்துருவாங்க.

ஜோதிலட்சுமி: போன தபா ரத்த டெஸ்ட்டு நம்பரா சொன்னீங்க. எட்டு புள்ளி ஆறு, ஏழு புள்ளி இன்னாவோ... நானும் தலைய ஆட்டிக்கினே இருந்தேன்.

சுகிர்தா: அதுக்கு அஞ்சுக்கு ஒரு மார்க் போட்டீங்க.

ஜோதிலட்சுமி: அதுவே ஜாஸ்தி.

சுகிர்தா: இன்னிக்கு?

ஜோதிலட்சுமி: சார் வரட்டும். கண்ணாடிக்கு அந்தாண்ட ஒக்காந்து பாத்துக்கினு இருந்தாரு இல்ல... மார்க்கு காயிதம் எடுத்தார கீழ போயிருக்காரு.

சுகிர்தா: நாலு மாடி. வசந்தகுமார் சார் படியேறித்தான் வருவாரு. லிஃப்ட்டுன்னு ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தெரியாது.

ஜோதிலட்சுமி: ம்... தெரியும், தெரியும்.

சுகிர்தா: அக்கா, உண்மையச் சொல்லுங்க. அழுகை தாள்ல இல்லையே.

ஜோதிலட்சுமி: ...இப்டி ஒருத்தர் பக்கத்துல ஒக்காந்து, கையப் புடிச்சிக்கினு அன்னிக்கே சொல்லியிருந்தா எப்டி இருந்திருக்கும்னு நெனச்சேன். வந்துடுச்சு.

சுகிர்தா: அப்ப உங்க வீட்டுக்காரர்...

ஜோதிலட்சுமி: அன்புசெல்வன். கும்முடிப்பூண்டில இரும்பு கம்பெனி. ஊடு ஆரம்பாக்கத்துல. இங்க டயாலிசிஸ் முடிச்சிக்கினு திரும்பறப்ப பொன்னேரில எறங்கிடுவாரு. நேரா சோடாக் கடை.

சுகிர்தா: சோடாவா? தண்ணிய அளந்துதானே குடிக்கணும்?

ஜோதிலட்சுமி: அவரு எங்க குடிச்சாரு? கோலி சோடா ஒண்ணு ஒடைக்கச் சொல்லி என்னாண்ட நீட்டுவாரு. 'நீ குடி ஜோதி, எனக்கு அந்த சத்தம் போதும்'பாரு. கண்ண மூடிக்கினு ஒரு சிரிப்பு... அடுத்த ரயில் புடிச்சு ஊடு போவோம். அவரு இருந்த வரைக்கும், நாலு வருசம்.

சுகிர்தா: இன்னும் சோடா குடிப்பீங்களா?

ஜோதிலட்சுமி: வாங்குவேன். சத்தத்தக் கேட்டுட்டு, பக்கத்துல நிக்கறவங்களுக்குக் குடுத்துருவேன்.

சுகிர்தா: ...அவருக்குக் கிட்னி போச்சுன்னு உங்ககிட்ட யார் சொன்னது?

ஜோதிலட்சுமி: ஒரு டாக்டரு. லிஃப்ட்டுக்குள்ள ஒரு கால் வச்சிக்கினு, 'ரெண்டும் போயிடுச்சும்மா, வாரத்துக்கு மூணு தடவ வரணும்'னாரு. கதவு மூடிக்கிச்சு. எது ரெண்டுன்னு வாட்ச்மேனத்தான் கேட்டேன்.

சுகிர்தா: யாருக்கா அந்த ஆளு?

ஜோதிலட்சுமி: பேரு இன்னாத்துக்கு? சார் வந்துட்டாரு பாருங்க.

வசந்தகுமார்: இருங்க... மூச்சு வாங்குது. இந்தாங்க ஜோதிம்மா, போடுங்க.

ஜோதிலட்சுமி: அஞ்சு.

வசந்தகுமார்: அஞ்சுக்கு அஞ்சா? பாதி விஷயம் சொல்லலையே.

ஜோதிலட்சுமி: மீதிய நாளைக்குக் கேட்டுக்கலாம் சார். இன்னிக்கு ஒக்காந்தாங்க இல்ல.

வசந்தகுமார்: ...சரி. சுகிர்தா, பாஸ். பொன்னேரிக்குக் கிளம்புங்க.

சுகிர்தா: தேங்க்ஸ் சார். தேங்க்ஸ்க்கா.

ஜோதிலட்சுமி: மொத நாளு ஸ்டேசனாண்ட ஒரு சோடா குடிங்க. போதும்.

சுகிர்தா: சார், சீனியருங்க காலத்துல இந்தப் பரீட்சை கிடையாதாமே. யார் சேத்தது?

வசந்தகுமார்: நான்தான். இவங்களத் தேடிப் போய்க் கூப்பிட்டதும் நான்தான்.

சுகிர்தா: லிஃப்ட் வந்திருக்கு. இன்னிக்காவது வாங்க சார், மூணு பேரும் போலாம்.

வசந்தகுமார்: நீங்க போங்கம்மா, நான் படியில வரேன்... அன்னிக்கு அதுல ஒரு கால வச்சுக்கிட்டு இவங்ககிட்ட சொன்ன ஆளு நான்தான்.