பெட்டைக்கு அப்பன் நிறம்

— உன் வரிச்சேவல் இன்னொரு தரம் இந்தப் பாகார் வேலியத் தாண்டி வரட்டும், அன்னைக்கே அது குழம்புல கொதிக்கும். சொல்லிட்டேன்.

— வெட்டுங்க பழனியாண்டி அண்ணே. நானும் கிண்ணம் எடுத்துக்கிட்டு வர்றேன், எனக்கென்ன வந்துச்சு. ஆனா அது என்ன தப்பு செஞ்சுச்சுன்னு சொல்லிட்டு வெட்டுங்க.

— என்ன தப்பா? கூண்டைப் பாரு பிச்சையம்மா. மூணு அடை வச்சாச்சு. ஒரு கருஞ்சேவல் இல்ல. சேவலாப் பொறந்தது அத்தனையும் உடம்பெல்லாம் வெள்ளை வரி. என் சேவல் கரிக்கட்டை மாதிரி நிக்குது. இந்தத் தாமான்ல இத்தனை வீட்டுல வரிச்சேவல் வேற யார்கிட்ட இருக்கு?

— கொஞ்சம் மெதுவா லா. மூணாவது லைன் வீடு வரைக்கும் கேக்குது.

— கேக்கட்டும்.

— கரங்கான்ல இருக்கிற உங்க அக்கா செல்லாயி வேண்டிக்கிட்டது உங்க தலையில வந்து விடிஞ்சிருக்கு. மகன் மோட்டார் சைக்கிள்ல விழுந்து பிழைச்சதுக்கு, பொண்ணு வீட்டுலயே பொரிச்ச கருஞ்சேவலை முனியாண்டிக்குக் கொடுத்துட்டுத்தான் தாலி கட்டுவானாம். கடையில வாங்கினதுன்னா முனியாண்டி மூஞ்சியத் திருப்பிக்குவாராக்கும்.

— வேண்டுதலைக் கிண்டல் பண்ணாத. என் மகளுக்கும் யோகேந்திரனுக்கும் பரிசம் போட்டு ஒன்றரை வருசம் ஆச்சு. உன் சேவலாலதான் கல்யாணம் நிக்குது.

— இந்தா, உங்க மகளே ஷிஃப்ட் முடிஞ்சு வந்துட்டா, அவளையே கேளுங்க. கூலிம்ல குஞ்சு பொரிக்கிற கம்பெனியில நாள் பூரா ஆண் குஞ்சு, பெட்டைக் குஞ்சுன்னு பிரிக்கிறவளாச்சே. வாம்மா ஷீலா. உங்கப்பா கையில கத்தி இருக்கு, தள்ளி நின்னே பேசு.

— கத்தி எதுக்குப்பா?

— அவ சேவலுக்கு. இப்பவும் நம்ம பக்கம்தான் மேயுது.

— வேணாம்ப்பா.

— ஏன் வேணாம்?

— அது ஒண்ணும் பண்ணல.

— உனக்கு எப்படித் தெரியும்?

— பிச்சை அத்தை சேவல்தான் அப்பன்னா, பெட்டைக் குஞ்சுக்கும் வரி விழுந்திருக்கும். இங்க பெட்டை எல்லாம் சுத்தக் கருப்பு. நம்ம சேவலோட குஞ்சுதான், கன்பெர்ம்.

— கேட்டீங்களா அண்ணே? என் சேவல் நல்ல குடும்பத்துப் பிள்ளை. ஆனா ஷீலா, அப்ப அந்த வரி எங்கேருந்துதான் வந்துச்சு?

— தாய்கிட்டேருந்து அத்தை. எங்க வரிக்கோழி தன் வரிய ஆண் குஞ்சுக்கு மட்டும்தான் கொடுக்கும். பெட்டைக்கு அப்பன் நிறம். கம்பெனியில இதை வச்சேதான் பிரிப்போம். பொரிச்ச அன்னைக்கே தலையில வெள்ளைப் புள்ளி இருந்தா ஆண், இல்லாட்டிப் பெட்டை.

— அப்படின்னா இந்தக் கோழிக்கு ஒரு கருஞ்சேவல்...

— வராது அத்தை.

— இன்னும் ரெண்டு அடை வச்சா?

— எத்தனை அடை வச்சாலும் வராது.

— இரு இரு. இந்தக் கோழியக் கொண்டுவந்தது நீதானே? கம்பெனி பஸ்ஸுல மடியில பெட்டிய வச்சுக்கிட்டு வந்து இறங்கின. நான் வாசல்லதான் நின்னேன்.

— நீங்க எப்பத்தான் வாசல்ல நிக்கல அத்தை.

— பேச்சை மாத்தாத. இதெல்லாம் தெரிஞ்சேவா வாங்கின?

— தெரிஞ்சுதான். அப்பா, கோவப்படாதீங்க. யோகேந்திரன் அத்தான் கெட்டவர் இல்ல. அவர் பக்கத்துல உக்காந்தா எனக்கு ஒரு வார்த்தை பேச வரமாட்டேங்குது, அவ்வளவுதான். அதை வச்சுக் கரங்கான் அத்தைகிட்ட வேணாம்னு சொன்னா, உங்களுக்குன்னு இருக்கிற ஒரே கூடப்பிறப்பும் பேசாமப் போயிடும். நான் என்ன செய்யட்டும்? கோழி சொல்லட்டும்னு விட்டேன்.

— இந்தக் கத்திய உள்ள கொண்டுபோய் வை.

— ஏதாவது சொல்லுங்கப்பா.

— ஒரு கப் தே ஓ போடு, பால் வேணாம். சீனி கம்மியா.

— அண்ணே, நான் வாயத் தொறக்கமாட்டேன். எனக்கென்ன வந்துச்சு.

— தொறக்காத.

* * *

— என்ன பழனியாண்டி அண்ணே, சண்டை போட்டு ஒரு வருசம் ஓடிப்போச்சு. ஷீலா ஜொகூர்ல வேலை கிடைச்சுப் போனதுலேருந்து உங்க வீடு சத்தமே இல்லாமக் கிடக்கு.

— வாராவாரம் போன் பண்றா. சிரிச்சுப் பேசறா.

— யோகேந்திரனும் பாடாங் செராய்ப் பொண்ணைக் கட்டிக்கிட்டான். வாய் ஓயாதவளாம், அவனுக்குப் பொருத்தம்தான். அண்ணே, ஒண்ணு சொல்லணும், திட்டக்கூடாது. அன்னைக்கு நான் சும்மா இருக்கல. மறுநாளே உங்க அக்காவுக்குப் போன் போட்டுட்டேன். ஷீலா பேரை எடுக்கல. மூணு அடை வச்சும் கருஞ்சேவல் வரல, முனியாண்டிக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கல போலன்னேன். அவங்களா ஒதுங்கிட்டாங்க.

— வரிக்கோழிக்கு முன்னாடி நான் ஒரு கருப்புக் கோழி வச்சிருந்தேன், ஞாபகம் இருக்கா?

— இருக்கு. திடீர்னு காணாமப் போச்சே.

— அது முதல் அடையிலேயே ரெண்டு கருஞ்சேவல் பொரிச்சுது.

— ரெண்டா? என் கண்ணுல படாமலா?

— மகளுக்குப் பிரசவம் பாக்கன்னு நீ ஈப்போவுல மூணு மாசம் இருந்த. அதுக்குள்ள தாயும் பிள்ளையுமா லூனாஸ் பாசார்ல வித்துட்டு, ஷீலாகிட்டச் சீக்குல செத்துடுச்சுன்னுட்டேன். பரிசத்தன்னைக்கு ஷீலா முகத்தை நான்தானே எதிர்ல உக்காந்து பாத்தேன். அவளும் அந்த வரிக்கோழிய வச்சு இதே வேலை பண்றான்னு அன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

— அப்ப பாகார்கிட்ட நின்னு என் சேவலை அந்தத் திட்டுத் திட்டினது?

— அக்கா முன்னாடி எனக்கு வாய் எழும்பாது பிச்சையம்மா. உன்கிட்டச் சத்தம் போட்டா சேதி மறுநாளே கரங்கானுக்குப் போய்ச் சேந்துடும்னு தெரியும்.