எர்த் பின்

— கையை எடுங்க அண்ணி, சால்டரிங் அயர்ன் சூடா இருக்கு. அணைச்சுடறேன் இருங்க. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஆஸ்பத்திரி கோட்டோடயே வந்துட்டீங்க?

— சாப்பாட்டு நேரத்துல ஓடி வந்தேன். அரை மணி நேரம்தான் இருக்கு. பேச்சை மாத்தாதே தம்பி. கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— எத்தனை தடவை சொல்றது? மூணு வாரமா அம்மாகிட்ட போன்ல சொன்னேன், உங்க வாசல்ல நின்னு கத்தினேன். என் வயரிங்ல தப்பு இல்ல. அண்ணனுக்கு ஷாக் அடிச்சதுக்கு நான் பொறுப்பில்ல.

— அவருக்கு வலது கைல ரெண்டு விரல் மடங்கல. சட்டைப் பட்டனை நான்தான் போட்டுவிடறேன்.

— தெரியும். அம்மா அதைச் சொல்லிட்டுத்தான் டக்குனு போனை வெக்கறாங்க.

— எனக்கு விவரமா சொல்லு. நான் ஒண்ணும் தெரியாதவ இல்ல. தினம் இருபது பேருக்கு ஈ.சி.ஜி எடுக்கறேன். எர்த் சரியில்லன்னா எங்க பேப்பர்லயும் கோடு நடுங்கும்.

— அப்போ உங்களுக்குச் சுலபம். அண்ணன் இசை வாசிக்கற சிந்தசைசர்ல மொத்தம் பதினாலு மாட்யூல், தனித்தனிப் பெட்டி. ஒண்ணு சத்தத்தைக் கிளப்பும், ஒண்ணு வடிகட்டும், ஒண்ணு ஏத்தி இறக்கும். எல்லாம் நானும் அவரும் இதே மேஜைல கையால செஞ்சது. முதல்ல கிரவுண்ட் கம்பியை ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குன்னு கோத்துவிட்டிருந்தோம். ஒருத்தன் தும்மினா பதினாலு பேருக்கும் ஜலதோஷம். அதைப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் தனிக் கம்பி இழுத்து, எல்லாத்தையும் ஒரே இடத்துல கொண்டுவந்து முடிஞ்சேன். பாதி இரைச்சல் போச்சு.

— மீதி?

— மீதி அந்த “உம்ம்ம்”. பாட்டை ரெக்கார்ட் பண்ண சவுண்ட் மிக்ஸரோட சேர்த்தா மட்டும் வரும். சிந்தசைசருக்கும் எர்த் இருக்கு, மிக்ஸருக்கும் இருக்கு, ரெண்டையும் சேர்க்கற கேபிள்லயும் ஒரு கிரவுண்ட் போகுது. சுத்தி வர ஒரு வழி கிடைச்சா கரண்ட் சும்மா இருக்குமா? நடுவுல ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் போட்டா நின்னுடும். சொல்லி வெச்சிருந்தேன். அதோ அந்த அட்டைப்பெட்டி. ஷாக் அடிச்ச மறுநாள் வந்து சேர்ந்தது. பிரிக்க மனசு வரல.

— சரி, அப்புறம்?

— அப்புறம் ஒண்ணுமில்ல. நான் செஞ்சது சுத்தம்.

— சத்தியமா?

— இப்போ எதுக்கு அண்ணி சத்தியமெல்லாம்?

— உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். அத்தை குறுக்க நின்னா நான் பாத்துக்கறேன். ஆனா பொய் சொல்ற வாயோட உன்னை அவர் முன்னாடி உக்கார வெக்க மாட்டேன்.

— அண்ணன் என்னைக் கேட்டாரா?

— “அவன் ஒழுங்கா சாப்பிடறானா”ன்னு கேட்டாரு.

— ...அந்தக் கதவைச் சாத்துங்க அண்ணி.

— சாத்திட்டேன். சொல்லு.

— பவர் சப்ளைல சுவிட்சுக்குப் போற லைன் கம்பி. கரண்ட் நேரா வர்ற கம்பி. சால்டர் வெச்ச இடத்துல அது மேல பிளாஸ்டிக் ஸ்லீவ் மாட்டணும். அன்னிக்கு ஸ்லீவ் தீர்ந்துபோச்சு. நாளைக்கு மாட்டிக்கலாம்னு விட்டேன். மறுநாள் மறந்தே போச்சு. அண்ணன் மிக்ஸர் கேபிளைக் கழட்டி வெச்சுட்டு முன்பக்கத் தகட்டு ஸ்க்ரூவை முறுக்கியிருப்பாரு, தகடு உள்ள தள்ளிப் போய் அந்தக் கம்பில பட்டிருக்கும். போதுமா? என்னாலதான் அண்ணி. என்னாலதான் அவர் கை போச்சு.

— அழாதே.

— அழல. சால்டர் புகை.

— அயர்னை நீ அப்பவே அணைச்சுட்டே.

— ஆனா ஒண்ணு மட்டும் இடிக்குது அண்ணி. படுத்தா இதே யோசனைதான். கம்பி பட்டாலும் ஷாக் அடிச்சிருக்கக் கூடாது. தகட்டை எர்த்தோட சேர்த்திருந்தேன், அதை ரெண்டு தடவை சரிபாத்தேன். பட்ட நொடியே ஃபியூஸ் போயிருக்கணும். “என்னடா வேலை செஞ்சு வெச்சிருக்கே”ன்னு அண்ணன் என்னைக் காய்ச்சி எடுத்திருப்பாரு. திட்டோட முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம்.

— எர்த் இருந்திருந்தா.

— இருந்துச்சே. மூணு பின் பிளக். நானே மாட்டினேன்.

— இதோ, அந்த பிளக். பாரு.

— ...பெரிய பின்னை ஒட்ட வெட்டியிருக்கு! யாரு அண்ணி? அண்ணன் செத்தாலும் இதைச் செய்ய மாட்டாரே.

— அவர் வெட்டல. நீ ஒரு நாள் எங்க வீட்ல சாப்பிடும்போது சொன்னே. “எர்த் பின்னை வெட்டினா இந்தச் சத்தம் பட்டுன்னு நின்னுடும் அண்ணி, ஆனா முட்டாள்தான் அப்படிச் செய்வான்”னு.

— அண்ணி...

— மூணு மாசம் தம்பி! அந்த ரூமை விட்டு மனுஷன் வெளிய வரல. சாப்பிடக் கூப்பிட்டா “இந்த உம்ம்ம் போகட்டும்”. பொண்ணு ஸ்கூல்ல மேடை ஏறப்போறான்னு கூப்பிட்டா “இந்த உம்ம்ம் போகட்டும்”. டிரான்ஸ்ஃபார்மர் இன்னிக்கு வரும் நாளைக்கு வரும்னு நீயும் இழுத்தே. அவர் குளிக்கப் போனப்போ வெட்டிட்டு, திரும்பச் சொருகிட்டேன். அது வந்ததும் புது பிளக் மாட்டிக்கலாம், ரெண்டு நாள்தானேன்னு. சத்தம் நின்னுது. தான்தான் சரிபண்ணிட்டதா நெனச்சுக்கிட்டு எழுந்து வந்தாரு. எங்களோட உக்காந்து சாப்பிட்டாரு, பொண்ணைச் சீண்டிச் சிரிச்சாரு. அந்த ஒரு வேளைதான். சாப்பிட்டுட்டு மறுபடி உள்ள போனாரு, ஷாக் அடிச்சுது.

— உங்க ஈ.சி.ஜி மெஷின்ல எவனாவது எர்த்தை வெட்டினா சும்மா விடுவீங்களா?

— விட மாட்டேன்.

— தெரிஞ்சும் செஞ்சீங்க. மூணு வாரமா அம்மா என்னை வாசல்ல நிக்க வெச்சுத் துரத்தினப்போ உள்ள நின்னு பாத்துட்டும் இருந்தீங்க.

— ஆமா.

— அண்ணனுக்குத் தெரியுமா?

— தெரியாது. யார் கண்ணுலயும் படறதுக்கு முன்னாடி பிளக்கை மாத்திட்டேன்.

— அப்போ என்கிட்ட மட்டும் எதுக்குக் காட்டறீங்க? நான் ஒத்துக்கிட்டதும் எழுந்து போயிருக்கலாமே. யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

— நேத்துலேருந்து அவரும் நீ கேட்டதையேதான் கேக்கறாரு. எர்த் இருந்தும் எப்படி அடிச்சதுன்னு. பதில் கிடைக்காம விட மாட்டாரு, உனக்கே தெரியும். கிளம்பு. கம்பி உன் தப்புன்னு சொல்லத்தானே போறே, அந்த எர்த் பின்னையும் நீயே வெட்டினதா சொல்லிடு. நீ கூடப் பொறந்தவன், உன்னை மன்னிச்சுடுவாரு. நான் வாழ வந்தவ.