சமையல் அலமாரியில் குதிரை

அண்ணன்: …ஆறு மணி வரைக்கும்தான். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூடக் கிடையாது.

தங்கை: மெதுவாப் பேசுங்கண்ணே. கண்ணாடிக் கதவுதான், உள்ள கேக்கும்.

அண்ணன்: கேக்கட்டுமே. சங்கத் தலைவர் பேசறேன்.

தங்கை: நூலகர் சொல்றேன். மெதுவா.

அண்ணன்: கூடப் பொறந்தவளை வேலைக்கு வச்சா இப்படித்தான்… சரி. சொன்னது சொன்னதுதான். ஒரே ஒரு பிள்ளை கடைசிக் கேள்வியைத் தாண்டட்டும், இந்த விளையாட்டு அறை இருக்கும். இல்லேன்னா நாளைக்கே டேப்லெட் எல்லாம் பெட்டிக்குள்ள.

தங்கை: தாண்டிடுவாங்க. நம்ம வாலுப் பொண்ணைப் பாருங்க, எப்படி ஓடுறா.

அண்ணன்: எது, அந்த ரெட்டைச் சடையா?

தங்கை: வாலுன்னு பேர் வச்சதே நீங்கதான். போன வருஷம் இந்த வாசல் பக்கமே எட்டிப் பாக்காத பிள்ளை. இப்ப கேள்வி வந்தா புத்தகத்தைத் தேடி எடுத்து, படிச்சு, விடை போடறா. எரிமலை, திமிங்கலம், எறும்புன்னு ஒண்ணு விடாம முடிச்சிட்டா.

அண்ணன்: உக்காந்து படிக்க வேண்டியதுதானே? நூலகத்துல எதுக்கு டிங் டிங்னு சத்தம்?

தங்கை: புத்தக அட்டைக்குள்ள சின்னதா ஒரு சிப் ஒட்டியிருக்குண்ணே. தேடற புத்தகம் பக்கத்துல டேப்லெட் போனாத்தான் டிங். அந்தச் சத்தம் கேக்கறதுக்காகவே அலமாரி அலமாரியா ஏறி இறங்குதுங்க.

அண்ணன்: ம்… கடைசிக் கேள்வி என்னது?

தங்கை: உங்களுக்குத் தெரியாதா?

அண்ணன்: எனக்கு எப்படிம்மா தெரியும்?

தங்கை: "யானை உண்டு, குதிரை உண்டு, ராஜாவும் உண்டு. ஒரு சொட்டு ரத்தம் சிந்தாத போர் இது. மூலையில் நிற்கும் குதிரை எத்தனை கட்டத்துக்குத் தாவ முடியும்?"

அண்ணன்: ரெண்டு.

தங்கை: அட…

அண்ணன்: பொதுவாச் சொன்னேன். சதுரங்கம் ஆடறவனுக்குத் தெரியாதா?

தங்கை: அதானே. ஞாயித்துக்கிழமை ஆனா என் வீட்டுக்காரரைத் தோக்கடிச்சே அனுப்பறீங்க. வந்து சோறுகூட ஒழுங்கா சாப்பிடறதில்ல. முன்னல்லாம் அவர்தான் உங்களை ஜெயிப்பாரு.

அண்ணன்: மூளை வேணும்மா. மூளை.

தங்கை: பிறவி மூளையா?

அண்ணன்: …மணி என்ன ஆச்சு?

தங்கை: பத்து நிமிஷம் இருக்கு. பாவம், விளையாட்டு அலமாரியையே மறுபடி மறுபடி பாக்குதுங்க. அங்கதான் இருக்கணும்.

அண்ணன்: அங்கயே எதுக்கு நிக்குதுங்க? கொஞ்சம் தள்ளிப் பாக்கச் சொல்லேன்.

தங்கை: எங்க தள்ளி?

அண்ணன்: எங்கயாவது. இடது பக்கம்… கீழ் வரிசை…

தங்கை: பெரியவங்க வாய் திறக்கக் கூடாதுண்ணே. விதி போட்டதே தலைவர்தான்.

அண்ணன்: போட்டவன் மாத்தலாம்.

தங்கை: எதுக்கு மாத்தணும்? தோத்தா உங்களுக்கு நல்லதுதானே.

அண்ணன்: நல்லதா? நேத்து அந்த வாலு அலமாரி முன்னாடி உக்காந்து அழுதுச்சு தெரியுமா? மூக்கைச் சிந்திட்டு மறுபடி முதல் வரிசையிலேர்ந்து தேட ஆரம்பிச்சுச்சு. எனக்கு ராத்திரி பூரா கண்ணே மூடல.

தங்கை: இருங்க… கூடிப் பேசுதுங்க.

அண்ணன்: இந்த நேரத்துல என்ன பேச்சு?

தங்கை: உஷ்… ஆளுக்கு ஒரு அலமாரி பிரிச்சுக்குதுங்க. இருக்க வேண்டிய இடத்துல இல்லைன்னா, இருக்கக் கூடாத இடத்துல இருக்கும்கறா வாலு.

அண்ணன்: சபாஷ்டா. சமையலுக்கு யாரு போறா?

தங்கை: சமையலுக்கா?

அண்ணன்: …எல்லாத்துக்கும் போகணும்ல, அதான் கேட்டேன். ஐயோ, அந்தக் குண்டுப் பையன் மேல் வரிசையோட நின்னுட்டானே. குனிடா… குனி…

தங்கை: என் கையை விடுங்கண்ணே. வலிக்குது.

அண்ணன்: வாலு வந்துட்டா. உக்காந்துட்டா. டேப்லெட்டைக் கிட்ட கொண்டு போ கண்ணு, இன்னும் கொஞ்சம்…

தங்கை: அதோ, டிங்னுச்சு!

அண்ணன்: கேட்டுச்சா? கேட்டுச்சாம்மா?

தங்கை: கேட்டுச்சு. நீங்க குதிக்காதீங்க, தலைவர்.

வாலு: அக்கா, கதவைத் திறங்க! சமையல் புத்தகத்துக்குப் பின்னாடி இருந்துச்சு. பக்கம் புரட்டிப் பாத்துட்டேன். மூலைக் குதிரைக்கு ரெண்டே கட்டம்தான். நடுவுல நின்னா எட்டு. டேப்லெட்ல வாணவேடிக்கை வருது பாருங்க. தலைவர் ஐயா, அறை எங்களுக்குத்தானே?

அண்ணன்: உங்களுக்கேதான். இன்னொரு மேசையும் போட்டுத் தரேன். போய்க் குதிங்க. இன்னைக்கு எவ்வளவு சத்தம் வேணா போடுங்க.

தங்கை: தலைவரே சொல்லிட்டாரு, ஓடு… கண்ணைத் துடைங்கண்ணே.

அண்ணன்: தூசி.

தங்கை: என் நூலகத்துல தூசியே கிடையாது. இன்னைக்கு மத்தியானம் நான் சாப்பிடப் போனப்போதானே புத்தகத்தோட உள்ள வந்தீங்க?

அண்ணன்: …ஆளரவம் கேட்டுச்சு. கைக்கு எட்டின அலமாரியில சொருகிட்டு வந்துட்டேன். அது சமையல்னு வெளிய வந்தப்புறம்தான் உறைச்சுது.

தங்கை: எத்தனை மாசமா அந்தச் சதுரங்கப் புத்தகம் உங்ககிட்ட இருந்துச்சு?

அண்ணன்: நாலு பக்கம் படிக்கலாம்னுதான் யாருக்கும் தெரியாம எடுத்துட்டுப் போனேன். அப்புறம் ஜெயிக்க ஆரம்பிச்சேன். விட மனசு வரல. நீ இந்த விளையாட்டைக் கொண்டு வந்ததும் பயம் பிடிச்சுது, எந்தப் புத்தகம் காணோம்னு வெளிச்சமாயிடுமேன்னு… அதான் அறையையே மூடிடலாம்னு பாத்தேன். சரி, உள்ள இல்லாத புத்தகத்துக்கு எப்படிக் கேள்வி வச்சே? நான் கொண்டு வராம இருந்திருந்தா?

தங்கை: கொண்டு வருவீங்க. சின்ன வயசுல என் பொம்மையை ஒளிச்சு வச்சிட்டு, நான் அழுததும் தலையணைக்கு அடியில கொண்டு வந்து வச்சவர்தானே.

அண்ணன்: ஒண்ணே ஒண்ணும்மா. மாப்பிள்ளைக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். அவர் முகத்துல முழிக்க முடியாது.

தங்கை: அண்ணே… அந்தக் கடைசிக் கேள்வியை எழுதிக் கொடுத்ததே அவர்தான்.