மதகுச் சாவி

ஞாயிறு பூசையில் முதல் வாசகம் நான்தான் வாசிப்பேன். மைக் போய்விட்டாலும் என் குரல் கடைசிப் பெஞ்சு வரை கேட்கும். மதலைமுத்து பொய் சொல்வாரா என்று எங்கள் ஊரில் யாரையும் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

ஐப்பசி அடைமழை. பொழுது சாயும் நேரத்தில், வடிகால் மதகைப் பார்த்துக்கொள்ளும் இராஜாங்கம் வந்தான். “அம்சத்துக்குக் காய்ச்சலுங்க. மாத்திரை வாங்கிட்டு ஓடியாந்துடறேன். சாவி உங்ககிட்ட இருக்கட்டும். தொறந்துடாதீங்கய்யா, தண்ணி எங்க தெருவுக்குள்ள பூந்துடும்.” சாவியோடு புத்திமதியும் கொடுத்துவிட்டுப் போனான். பெண்டாட்டி தலைவலிக்கே மழையில் ஓடுகிறவன். அவனுக்கு வேறு யோசனை ஏது?

என் சம்பாப் பயிர் நுனிகூடத் தெரியாமல் மூழ்கிக் கிடந்தது. திறந்தேன். சாவியை மதகிலேயே விட்டுவந்து ஜெபமாலை சொன்னேன். அவர்கள் தெருவில் தண்ணீர் ஏறி மண்சுவர் சரிந்தது. படுத்திருந்த அம்சம் அதனடியில் போனாள்.

மதகைத் திறந்தது யார் என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டார்கள். “சாவி எப்பவும் இராஜாங்கத்துக்கிட்டதானே இருக்கும்” என்றேன். இதில் எது பொய்?

“ஐயா, உங்ககிட்டதானே குடுத்தேன்?”

“போதையில எந்தப் புளியமரத்துக்கிட்ட குடுத்தியோ” என்றார் கூட்டத்தில் இருந்த வைத்தியலிங்கம். சிரித்தார்கள். பெண்டாட்டியை எரித்த சாம்பல் ஆறாதவனைப் பார்த்துச் சிரிக்கும் ஜனங்கள். இவர்களுக்கு உண்மை ஒரு கேடா? அவன் குடியை விட்டு வருஷமாகியிருந்தது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அன்று என் கையில் சாவியைப் பார்த்தவள் என் மனைவி விண்ணரசி மட்டும். பூசையில் ஒருவரையொருவர் கும்பிட்டுச் சமாதானம் சொல்லும்போது, பெண்கள் பக்கத்திலிருந்து என்னைத் தேடிக் கும்பிடுவாள். இப்போது எல்லாரையும் கும்பிடுகிறாள், என்னைத் தவிர. இராஜாங்கத்துக்குத் தினமும் சோறு கொண்டுபோகிறாள். என் தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுகிறாள். பெண்களுக்குப் பிடிவாதம் அதிகம். நான் மாதந்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன்; கோபம், ஜெபத்தில் பராக்கு, எல்லாம் சொல்கிறேன். பாவமில்லாததைச் சொல்லிச் சாமியாரின் நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும்?

போன வாரம் இராஜாங்கம் வந்தான். மறுபடி குடிக்கிறான். வாசலில் குந்திக்கொண்டு அழுதான். “ஊரே சொல்லுதுங்க. எனக்கே எதுவும் வெளங்கல. நானேதான் தொறந்து அவளக் கொன்னுட்டேனாங்கய்யா?”

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அவன் தலையில் கை வைத்தேன். “அழாதே. ஆண்டவர் உன்னை மன்னிப்பார். நானும் மன்னிச்சிட்டேன்” என்றேன்.

அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். என் கையால் ஓர் ஆத்துமா ஆறுதல் அடைந்ததில் எனக்கு நிறைவுதான்.