பம்பாய்க்காரர் செய்த கூடம்

"அந்தப் பம்பாய்க்காரன் நாந்தேன்" என்று பேருந்தில் முன் இருக்கைக்காரர் மனைவியிடம் சொன்னதும் காது கொடுத்தேன். நாகல் நகரில் ஒரு கிரகப்பிரவேசத்திலிருந்து திரும்புகிறார்கள்.

"அதுக்காக எலையில உக்காந்துட்டு எந்திரிச்சு வருவீகளா?"

"கூடத்துச் சுவத்து வர்ணம், தரைப் பூவு, சன்னல் கண்ணாடி அம்புட்டும் நான் யோசிச்சுச் செஞ்சது. கேட்டவுககிட்டயெல்லாம் பம்பாய்க்காரர் செஞ்சாருன்னு சொல்றாரு வீட்டுக்காரரு. என்னைய வெள்ளையடிக்கிறவன்னு கீரனூர்க்காரர் ஒருத்தருக்குக் காட்டுனாரு."

"அவரு என்ன சொன்னாரு?"

"என் வீட்டுக்கும் அந்தப் பம்பாய்க்காரரக் கூப்பிடப் போறேன், அவரு வர்றதுக்குள்ள நீ வெள்ளையடிச்சு வெச்சிருன்னாரு."

"நாக்கப் புடுங்கற மாதிரி கேட்டுட்டு வந்தீகளா?"



"திங்கக்கெழம வாரேன்னு சொல்லிட்டு வந்தேன்."