தீபனுக்குப் பந்து குடுக்காதே

ஃபேன கொஞ்சம் கொறச்சு வைங்க செக்ரட்டரி சார், பேப்பர் பறக்குது. நான் சொல்றத நீங்க எய்தணும் இல்ல. மெதுவாவே சொல்றேன்.

பேரு தண்டபாணி. வயசு அம்பத்தேழு. வியாசர்பாடில நம்ப ஃபுட்பால் கிளப்புக்குப் பத்தொம்போது வருசமா கோச்சு. இந்த சீசன்ல பதினோரு மேட்ச்சு, ரெண்டே கோலு. அதுலயும் ஒண்ணு எதிர் டீம்காரன் அவன் போஸ்ட்லயே தட்டிகினது. பசங்க சரியில்லயா, கோச்சு சரியில்லயான்னு கமிட்டில கேக்குறீங்க. நியாயமான கேள்வி. பசங்க மேல ஒரு தப்பும் இல்ல. கோலு வாணாம்னு பண்ணது நான்தான்.

வெற்றின்னு நம்ப பையன் ஒருத்தன், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரே சீசன்ல முப்பத்தோரு கோலு. ஸ்போர்ட்ஸ் கோட்டால வெளியூர்ல வேல கெடச்சுது. கெளம்பறப்ப என் கால்ல வுயுந்து அயுதான். மொத வருசம் வாரா வாரம் போன் பண்ணான். அப்பால பொங்கலுக்குப் பொங்கல். அப்பால அதுவும் இல்ல. போன வருசம் டோல்கேட் சிக்னல்ல கார்ல பாத்தேன், பக்கத்துல பொண்டாட்டி, கொயந்த. கைய ஆட்டினேன். கண்ணாடிய ஏத்தி வுட்டுகினு போய்ட்டான். என்ன பாத்துருக்க மாட்டான்னுதான் நெனக்கிறேன்.

கோலு போடறவன் போய்டுவான் சார். பின்னாடி நின்னு தடுக்கறவன் இங்கயே ஆட்டோ ஓட்டிகினு கெடப்பான், பாத்தா சலாம் வெப்பான்.

என் வூடு ஹவுசிங் போர்டுல ரெண்டாவது மாடி. சம்சாரம் போய் ஒம்போது வருசம் ஆச்சு. புள்ள குட்டி இல்ல. டீமு ஷூ மொத்தமும் என் வூட்லதான் கீது. பசங்க கைல குடுத்தா அண்ணன் தம்பி மாத்தி மாத்திப் போட்டு ரெண்டே மாசத்துல கியிச்சிடுவானுங்க. அதனால கயுவி, காய வெச்சு, அடில தரைய புடிக்கற ஸ்டட்டு தேஞ்சா மாத்தி, கோணில கட்டி மேட்ச்சுக்கு எடுத்துகினு வர்றது என் வேல. கட்டிலுக்கு அடில பதினாறு ஜோடி. அந்த நாத்தம் இருந்தா வூட்ல யாரோ கீற மாதிரி இருக்கும்.

தீபன் காத்திவாக்கத்துப் பையன், இருவத்திரண்டு வயசு. அப்பா கெடையாது. அவங்கம்மா செல்லம்மா எறா வித்து வளத்த புள்ள. ரெண்டு காலும் ஒரே மாதிரி பேசும். அவன் ஆட்டத்த மொத நாள் பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இவனும் போய்டுவான்னு.

சீசன் ஆரம்பத்துல தவ்ஃபீக்க தனியா கூப்ட்டேன். வலது பக்கமா ஓடி பந்த உள்ள போடறவன் அவன்தான். தீபனுக்குப் பந்து குடுக்காதே, அவனுக்கு இன்னும் பொறுப்பு வரல, பின்னாடி தட்டி வுடுன்னேன். மத்தவனுங்ககிட்டயும் அதையேதான் சொன்னேன். கோச்சு பேச்ச தட்டாத பசங்க. மொத பத்து மேட்ச்சுலயும் தீபன் கைய தூக்கிகினே ஓடினான்.

ஒரு நாள் வூட்டுக்கு வந்து கதவாண்ட நின்னான்.

"நான் இன்னாண்ணே தப்பு பண்றேன்? என்கிட்ட பந்தே வர மாட்டேங்குதே."

"பந்து வர்ற எடத்துல நீ நிக்கலடா நைனா. ஃபினிஷிங்கும் பத்தல."

"அப்ப கத்துக் குடுண்ணே."

கத்துக் குடுத்தேன். தெனம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவனும் நானும் மட்டும். அவன் அடிப்பான், நான் போஸ்ட்ல நிப்பேன். முடிச்சுட்டு வண்டிக் கடைல அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், துன்னுவோம். அவன் முட்டைய எடுத்து என் தட்டுல வெப்பான். அந்த நாலு மாசம் நான் சந்தோசமா இருந்தேன் சார். அத ஒளிக்க மாட்டேன்.

அந்தப் பிராக்டீஸ காம்பவுண்டு சொவத்தாண்ட நின்னு ஒருத்தர் பாத்துகினு இருந்துருக்காரு. பெரிய கம்பெனி டீமு செலக்டர். ஞாயித்துக்கெழம மேட்ச்சுக்கு வர்றேன், பையன் நல்லா ஆடினா வேல நிச்சயம்னு சொல்லிட்டாரு. செல்லம்மா ஒரு டப்பா நெறைய எறா தொக்கு எடுத்துகினு வந்துச்சு. "உங்கள நம்பித்தாண்ணே வுட்டேன். என் புள்ள கரையேறிடுவான்"ன்னு கண்ணத் தொடச்சுகினுச்சு. தொக்கு நல்லா இருந்துச்சு. ரெண்டு நாள் வெச்சு சாப்ட்டேன்.

சனிக்கெழம தீபன் ஷூவ எடுத்தேன். நம்ப கிரவுண்டு கட்டாந்தரை, ஸ்டட்டு குட்டையா இருக்கும். ஞாயித்துக்கெழம ஆடறது புல்லு தரை, காலைலயே தண்ணி வுட்டு ஊற வெச்சுருப்பானுங்க. அதுல நீள ஸ்டட்டு போட்டா பூந்து நின்னுக்கும். ஒடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. நடுவுல கீறது முட்டி. இத பசங்களுக்கு நானே எத்தினியோ தபா சொல்லிக்கீறேன். பதினஞ்சு ஜோடிக்குக் குட்டைய வுட்டுட்டு, தீபனுதுக்கு மட்டும் இருக்கறதுலயே நீளமான இரும்ப மாட்டினேன். ஸ்பேனர் போட்டு நல்லா இறுக்கினேன். பாதில கயண்டு வுயுந்தா வேற எங்கனா அடி பட்டுடும்.

"ஒசரமா கீதேண்ணே"ன்னான். "புல்லு வயுக்கும், அதுக்குத்தான்"னேன். லேஸ நானே கட்டி வுட்டேன்.

அன்னிக்கு தவ்ஃபீக்க கூப்ட்டு, தீபனுக்குப் போடுடான்னும் சொன்னேன். பன்னெண்டாவது நிமிசம் பந்து வந்துச்சு. வாங்கி இடது பக்கம் திரும்பினான். சத்தம் நான் நின்ன எடம் வரிக்கும் கேட்டுச்சு. அவனத் தூக்கிகினு ஓடினது நான்தான், வேற யாரையும் தொட வுடல.

நீங்க கோலப் பத்தித்தான் கேட்டீங்க. இதையும் சேத்து எய்திக்கங்க.

மூணு மாசத்துக்குள்ள ஆபரேசன் பண்ணா திரும்ப ஆடலாம்னு டாக்டர் சொல்றாரு. செலவுக்காக ஆஸ்பத்திரில கிளப்பு லெட்டர் ஒண்ணு கேட்டாங்க. நீங்க போன மாசமே கையெய்த்துப் போட்டு என்கிட்ட குடுத்துட்டீங்க. தோ, என் சட்ட பாக்கெட்லதான் கீது. குடுக்கலாம், அவசரப்பட்டா ஆவாது. தெனம் பஸ் ஏறி காத்திவாக்கம் போறேன். பாத்ரூமுக்குத் தூக்கிகினு போறேன், கால அமுக்கி வுடறேன், ஒண்ணா ஒக்காந்து டீவில மேட்ச்சு பாக்கறோம். "சாமி மாதிரி வர்றீங்க"ன்னு செல்லம்மா கைய புடிச்சுகினு அயுவுது. அவன் சாயங்காலம் ஆனா வாசலையே பாத்துகினு கீறானாம்.

கையெய்த்து எங்க சார் போடணும்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க, நாலரை பஸ்ஸ புடிக்கணும். ஒரு நாள் போவலன்னாலும் தவிச்சுடுவான். பாவம் சார், அவனுக்கு என்ன வுட்டா யாரு கீறா.